இழுப்பது எளிது, நிறுத்துவதுதான் கடினம்

மாணவர்களே, விடுமுறை நாளில் பாயா ரும்புட் சாலையோரம் நின்று பாருங்கள். செம்பனைக் குலை, புல்வெட்டும் இயந்திரம், கோயில் திருவிழாவுக்கு ஜெனரேட்டர் என ஏதாவது ஒன்றைச் சிறு டிரெய்லரில் ஏற்றி, பிக்அப் வண்டி இழுத்துச் செல்லும். "இருபது வருடமாக இப்படித்தான் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆனதில்லை" என்பார் ஓட்டுநர். அந்த நம்பிக்கைதான் ஆபத்தானது என்பேன். ஏன் தெரியுமா?

அவர் பெரும்பாலும் ஓட்டியது தோட்டத்து மண்பாதையில், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில். அதே டிரெய்லர் சுங்கை ஊடாங் – பாயா ரும்புட் – ஆயர் குரோ நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டரில் ஓடும்போது வேகம் மூன்று மடங்கு; இயக்க ஆற்றலோ ஒன்பது மடங்கு! பிரேக் அத்தனையையும் வெப்பமாக மாற்றினால்தான் வண்டி நிற்கும். டிரெய்லருக்குச் சொந்த பிரேக் இல்லையென்றால் முழுப் பாரமும் பிக்அப்பின் தலையில்தான். அதனால்தான் ஐரோப்பிய நாடுகளில் மொத்த எடை 750 கிலோகிராமைத் தாண்டும் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம்.

அடுத்தது, சுமையை எங்கே வைக்கிறோம் என்பது. டிரெய்லர் ஒரு நெம்புகோல் மாதிரி. சக்கர அச்சுதான் அதன் ஆதாரப் புள்ளி. ஓர் அடிக்கோலைப் பென்சில் மேல் கிடத்தி, ஒரு முனையைச் சமையலறைத் தராசில் வையுங்கள். நாணயங்களைப் பென்சிலுக்கு முன்னும் பின்னும் நகர்த்தினால், தராசு காட்டும் எடை கூடும், குறையும். கொக்கியிலும் இதுவேதான் நடக்கிறது.

சுமை பின்னால் அதிகமானால் கொக்கி மேலெழும்பும்; பிக்அப்பின் பின்சக்கரப் பிடிமானம் குறையும். பெரிய லோரி கடந்து செல்லும் காற்று போதும், டிரெய்லர் வால்போல் ஆடத் தொடங்கும். வேகம் அதிகமாக இருந்தால் ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். முன்னால் மிக அதிகமானாலோ, பிக்அப்பின் முன்சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் சரியாகக் கேட்காது. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியில் இறங்க வேண்டும் என்பது அமெரிக்காவில் வழங்கும் பொது வழிகாட்டி. 1,000 கிலோகிராமுக்கு 100 முதல் 150. ஆனால் வண்டியின் கையேடு சொல்லும் வரம்பை மீறக்கூடாது.

ஆட்டம் தொடங்கிவிட்டால்? பிக்அப் பிரேக்கை அழுத்தி மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டவும் வேண்டாம். நேராகப் பிடித்து, எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுங்கள். வேகம் தானாகக் குறைய ஆட்டமும் அடங்கும்.

கொக்கி கழன்றால் தாங்கிப் பிடிக்க, இரண்டு சங்கிலிகளை அதன் அடியில் குறுக்காக மாட்ட வேண்டும். அது யாருக்காக? பின்னால் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் உங்கள் அப்பாவுக்காக, அண்ணனுக்காக. கழன்ற டிரெய்லருக்கு ஓட்டுநர் கிடையாது.

17 வயதில் நீங்கள் கார் உரிமம் எடுக்கலாம். அதுவரை காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை மாமா டிரெய்லர் மாட்டும்போது பக்கத்தில் போய்க் கேளுங்கள்: "பாரம் எங்கே இருக்கு மாமா? சங்கிலி மாட்டியாச்சா? பின்விளக்கு எரியுதா?" மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள். வகுப்பில் படித்த நெம்புகோலுக்கு இதைவிட நல்ல பயன் என்ன இருக்கிறது?