குதிரை நொண்டுகிறதா? கண்ணில் படாததை காட்டிக்கொடுக்கும் 3 சென்சார்கள்... எப்படி வேலை செய்கிறது?

அமெரிக்காவின் கென்டக்கியில் உள்ள சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தில், 2023 வசந்தகால சீசனில் மட்டும் 12 ரேஸ் குதிரைகள் உயிரிழந்தன. போட்டிகள் வேறு மைதானத்துக்கு மாற்றப்பட்டன. இறந்ததில் பல, காலில் பலத்த காயமடைந்தவை. காயத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாதா?

கண்ணால் பார்த்தால் போதாதா?

குதிரையை மிதமான வேகத்தில் ஓடவிட்டு, கால்நடை மருத்துவர் அதன் தலையைக் கவனிப்பார். வலிக்கிற முன்னங்கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும். நல்ல கால் படும்போது தாழ்த்தும். பின்னங்காலில் வலி என்றால் இடுப்பின் அசைவு மாறும். லேசாக நொண்டினால்தான் சிக்கல். எந்தக் கால் என்பதிலேயே அனுபவமுள்ள மருத்துவர்களும் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

சென்சார் என்ன செய்யும்?

மிசௌரி பல்கலைக்கழகத்தில் உருவான முறையில் தலை, இடுப்பு, வலது முன்னங்கால் என 3 இடங்களில் சென்சார் மாட்டுவார்கள். இடது, வலது அடிகளுக்கு இடையே ஏற்ற இறக்கம் எவ்வளவு மாறுகிறது என அது கணக்கிடும். சராசரி வித்தியாசம் தலையில் 6 மில்லிமீட்டர், இடுப்பில் 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் உஷாராக வேண்டும்.

ஆனா, ஒரு விஷயம்...

சென்சார் அளப்பது வலியை அல்ல, இரண்டு பக்க வித்தியாசத்தை மட்டும்தான். இரு கால்களும் ஒரேபோல வலித்தால் வித்தியாசம் தெரியாமலே போகலாம். அதனால் காலின் ஒரு பகுதியை மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டு, மறுபடி ஓடவிடுகிறார்கள். எண் குறைந்தால், வலி அங்கேதான்.

ரேஸில் இறக்கலாமா என்பதை கடைசியில் மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். ஆனால் கையில் அந்த எண் இருக்கும்போது, "பார்க்க நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி ஓடவிடுவது அவ்வளவு சுலபமில்லை.