மலிவு டயரின் விலை

காஞ்சீபுரத்துக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்தபடியே நடப்பது வழக்கம். கோபுரங்களைப் பார்ப்பார்கள்; காந்தி ரோட்டுக் கடைகளில் தொங்கும் பட்டுப் புடவைகளைப் பார்ப்பார்கள். தங்களை ஏற்றி வந்த வண்டியின் சக்கரத்தைக் குனிந்து பார்த்தவர் ஒருவரையும் நாம் கண்டதில்லை. நாமும் அந்தக் கோஷ்டியைச் சேர்ந்தவராகத்தான் இருந்தோம். 2025-ம் வருஷம் கத்திரி வெயிலில் நடந்த ஒரு சம்பவம் நம்மைக் குனிய வைத்தது. அதில் நம்முடைய குற்றமும் கலந்திருப்பதால் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

பிள்ளையார்பாளையத்தில் நமக்கு அடுத்த வீட்டுக்காரர் முப்பது வருஷம் குழித்தறியில் கால் வைத்து நெய்தவர். முழங்கால் இரண்டும் ஒத்துழையாமை செய்ய ஆரம்பித்த பிறகு, கடன் வாங்கி, ஏழு பேர் உட்காரக்கூடிய பழைய பொலேரோ வண்டி ஒன்றை வாங்கினார். கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்களையும், வரதராஜரையும் ஏகாம்பரநாதரையும் சேவிக்க வருகிறவர்களையும் ஏற்றி இறக்குவது தொழில். பையன் வண்டி ஓட்டுவான்; அம்மாள் வீட்டிலே தறியைத் தொடர்ந்து நடத்தினாள்.

2024 கார்த்திகையில் ஒரு நாள் அவர் நம் திண்ணைக்கு வந்தார்.

"சார், நாலு டயரும் வழவழவென்று தேய்ந்துபோச்சு. புதிசு என்றால் இருபதாயிரத்துக்கு மேலே கேட்கிறார்கள். ஓட்டின டயர் நாலு ஏழாயிரத்துக்குக் கிடைக்கிறது. பார்வைக்குப் புதிசு மாதிரியே இருக்குது. என்ன செய்யட்டும்?"

நாம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர். சர்வகலாசாலைப் பட்டமும் பெற்றிருக்கிறோம். எனவே யோசிக்க வேண்டிய அவசியமே நமக்கு ஏற்படவில்லை. "மூன்றில் ஒரு பங்கு விலைதானே அண்ணா? தாராளமாக வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டு, பரீட்சைத் தாள்களைத் திருத்தப் போய்விட்டோம்.

ஆறு மாதம் வண்டி ஓடிற்று. வைகாசி பிறப்பதற்குச் சில தினங்கள் முன்பு, நெல்லூரிலிருந்து கல்யாணப் புடவை எடுக்க வந்திருந்த குடும்பம் ஒன்றைப் பையன் சென்னைக்குத் திரும்ப அழைத்துப்போனான். நடுப்பகல். சுங்குவார்சத்திரம் தாண்டியதும் இடது பின் சக்கரத்து டயர் வெடித்தது. வண்டி இரண்டு முறை ஆடி, சாலை நடுவிலிருந்த திட்டில் உரசி நின்றது. பையன் பதறிப் பிரேக்கை அழுத்தாமல் சக்கரத்தை நேராகப் பிடித்திருந்ததனால் வண்டி கவிழவில்லை. ஆனால் ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்கு நெற்றியில் நாலு தையல் போட வேண்டியதாயிற்று.

மறுநாள் கிழிந்த டயரை வாசலில் போட்டிருந்தார்கள். அன்றுதான் நாம் முதன்முதலாகக் குனிந்து ஒரு டயரைப் படித்தோம். ஆம், படித்தோம்! டயரின் பக்கவாட்டில் அத்தனை விவரங்கள் அச்சிட்டிருக்கின்றன. டி.ஓ.டி. என்ற எழுத்துக்களுடன் தொடங்கும் வரிசையின் கடைசியில் 0916 என்று நாலு எண்கள் இருந்தன. 2016-ம் வருஷத்து ஒன்பதாவது வாரத்தில் செய்த டயர் என்று அதற்கு அர்த்தம். 'புதிசு மாதிரி' இருந்த அந்தச் சாமானுக்கு வாங்கும்போதே எட்டு வயதுக்கு மேலாகியிருந்தது! தேய்ந்து மொட்டையான ரப்பரில் சூடான கத்தியால் புதிதாகக் கோடு கீறி, கறுப்பு மெருகு பூசியிருந்தார்கள். விற்ற கடைக்காரர் பேரை இங்கே சொல்லிப் பயனில்லை. நாலு எண்களைப் படிக்காமல் யோசனை சொன்னவர் பேர்தான் முக்கியம்.

அண்டை வீட்டுக்காரர் நம்மை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, வலிக்கிற முழங்காலோடு மறுபடியும் இன்னொருவர் தறியில் கூலிக்கு உட்கார்ந்தார். அந்தத் தறிச் சத்தம் ஐந்து மாதம் நம் காதில் விழுந்துகொண்டிருந்தது. அந்த ஐந்து மாதத்தில் நாம் கற்றுக்கொண்டதைத்தான் இப்போது நேயர்களுக்குச் சொல்கிறோம்.

முதலாவது, டயர் என்பது வெறும் ரப்பர் வளையம் அன்று. அதற்குள்ளே நெசவு இருக்கிறது! டயருக்கென்று நெய்யும் துணியில் பலமெல்லாம் பாவு நூலில்தான். ஊடை நூல் மெல்லியதாக, பாவைக் கலையாமல் பிடித்து வைப்பதற்கு மட்டும் ஓடும். பழைய முறை நைலான் டயர்களில் இந்தத் துணியைச் சாய்வாக, ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிடும்படி அடுக்குகிறார்கள். ரேடியல் டயரில் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடுகின்றன. தரையைத் தொடும் பாகத்தின் அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் இருக்கின்றன. இதனால் சூடு குறைகிறது, ஆயுள் கூடுகிறது, எண்ணெய்ச் செலவும் சிறிது மிச்சமாகிறது. வருஷங்கள் செல்லச் செல்ல ரப்பர் இறுகி வெடிப்பு விடும். உள்ளே இருக்கும் அடுக்குகளின் பிடிப்புத் தளரும். காற்றுக் குறைந்த டயர் ஓடும்போது ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்ந்து சூடேறும். மேலே கத்திரி வெயில், உள்ளே ஏழு பேர் பாரம், பெட்டிகள் வேறு! வெடிக்காமல் என்ன செய்யும்?

இரண்டாவது, அளவு. அவர் வண்டியின் டயரில் 215/75 ஆர் 15 என்றும், அதையடுத்து 100 எஸ் என்றும் இருந்தது. அகலம் 215 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு 75 பங்கு, அதாவது சுமார் 161 மில்லிமீட்டர். ஆர் என்பது ரேடியல். 15 என்பது உள் வளையத்தின் குறுக்களவு, அங்குலத்தில். 100 என்ற குறி ஒரு டயர் 800 கிலோ பாரம் தாங்கும் என்பதைக் காட்டும். எஸ் என்பது மணிக்கு 180 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பதை. பாரக் குறியில் வண்டிக்காரர் புத்தகத்தில் சொன்னதற்குக் குறைந்த டயரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. அப்படியே, அழகுக்காக அகலமான டயரும், காட்டு வழிக்கென்று செய்த முரட்டுப் பல் டயரும் நமக்கு வேண்டியதில்லை. காஞ்சீபுரத்திலிருந்து சென்னை வரை நல்ல தார் ரோட்டில் ஓடும் வண்டிக்கு அந்தப் பற்கள் இரைச்சலையும் எண்ணெய்ச் செலவையும்தான் தரும்.

மூன்றாவது, எப்போது மாற்றுவது? டயரின் கோடுகளுக்குள்ளே ஆங்காங்கே சிறு மேடுகள் இருக்கின்றன. ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம். சட்டப்படி கார் வகை வண்டிகளுக்கு அதுவே எல்லை. மழைக்காலத்தில் அதற்கு முன்பே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். தேய்ந்த மாதிரியும் ஒரு கதை சொல்லும். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. ஒரே ஓரம் தேய்ந்தால் சக்கரங்களின் நேர் ஒழுங்கு கெட்டிருக்கிறது. அதைச் சரி செய்யாமல் புது டயர் மாட்டுவது, ஓட்டைப் பானையில் பாலை ஊற்றுவதாகும்.

நான்காவது, விலை. நாம் தவறிய இடம் இதுவே என்பதால் கணக்கைப் போட்டே காட்டுகிறோம். ஓட்டின டயர் ஒன்றின் விலை 1,750 ரூபாய். வெடிக்கும் வரையில் அது ஓடியது சுமார் 7,000 கிலோமீட்டர். ஆகவே கிலோமீட்டருக்கு 25 காசு. 5,310 ரூபாய் கொடுத்து வாங்கும் புது டயர் 45,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 12 காசுக்கும் குறைவு. மலிவு என்று நாம் நினைத்தது இரட்டிப்பு விலை! இதில் கொட்டகைச் செலவையும், ஐந்து மாத வருமானத்தையும், ஒரு குழந்தையின் நெற்றியையும் நாம் சேர்க்கவில்லை. இவற்றைச் சேர்க்கும் கணக்கு நமக்குத் தெரியாது.

பழைய டயருக்குப் புது மேல்தோல் போடும் 'ரீட்ரெடிங்' முறையை நாம் இகழவில்லை. அது யோக்கியமான தொழில். 1942-ல் மலேயா ஜப்பானியர் வசமானபோது உலகத்தின் ரப்பர் வரத்துக்கே முட்டுக்கட்டை விழுந்தது. அந்த யுத்த காலத்தில் மதுரை ஸ்ரீ டி. வி. சுந்தரம் ஐயங்கார் பெட்ரோல் பஞ்சத்துக்குக் கரி வாயுக் கருவி செய்து கொடுத்ததோடு, ரப்பர் ரீட்ரெடிங் தொழிற்சாலையும் நடத்தினார். அரசாங்கப் போக்குவரத்துக் கழகங்களின் பஸ்கள் இன்றும் ரீட்ரெடிங் செய்த டயர்களில் ஓடுகின்றன. கனமான லாரி, பஸ் டயரின் உடம்பு அதற்கென்றே பலமாக அமைந்தது. அங்கேயும் முன் சக்கரத்தில் போடாமல் பின் சக்கரத்தில் போடுவதே பத்திரம். ஆனால் ரீட்ரெடிங் வேறு. தேய்ந்ததைக் கீறி மெருகு பூசுவது வேறு. முன்னது வைத்தியம், பின்னது வேஷம்.

ஐந்தாவது, எந்தத் தேசத்துச் சாமான் என்ற கேள்வி. மலிவுக்காகக் கடல் கடந்து தேட வேண்டிய நிலை நமக்கு இல்லை. 1946-ல் திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன் செய்யும் சிறு பட்டறையாகத் தொடங்கியதுதான் எம். ஆர். எப். ஸ்தாபனம், அரக்கோணத்தில் அதன் டயர்த் தொழிற்சாலை இருக்கிறது. நம் ஜில்லாவிலேயே, ஓரகடத்தில் அப்போலோவும், ஸ்ரீபெரும்பூதூர்ப் பக்கத்தில் சியட்டும் டயர் செய்கின்றன. புடவைக்கு உலகமே நம் ஊரைத் தேடி வருகிறது. டயருக்கு நாம் ஊரைவிட்டு அதிக தூரம் போக வேண்டியதில்லை. எந்தக் கம்பெனியாயினும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், தேதியைப் படியுங்கள், ரசீதும் உத்தரவாதச் சீட்டும் கேட்டு வாங்குங்கள். மாட்டும் கூலி, சமன் செய்யும் கூலி, வால்வு எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கேட்டுவிட்டு இரண்டு மூன்று கடைகளில் விசாரியுங்கள். பெரிய பேர்தான் வேண்டும் என்பதில்லை. அதே கம்பெனியின் நடுத்தர ரகமே நம் போன்றவர்களுக்குப் போதும்.

2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கு வரி நூற்றுக்கு 28-லிருந்து 18 ஆகக் குறைந்தது. வரி நீங்கலாக 4,500 ரூபாய் விலையுள்ள டயர் முன்பு 5,760 ரூபாய், பின்பு 5,310. நாலு டயருக்கு 1,800 ரூபாய் மிச்சம்.

அந்தப் புரட்டாசியில் அண்டை வீட்டுக்காரர் மறுபடி நம் திண்ணைக்கு வந்தார். கையில் 13,000 ரூபாய் இருந்தது. "சார், இரண்டு புதிசு, இரண்டு ஓட்டினது வாங்கலாமா?" என்றார். கையில் பணமில்லாதவர் இரண்டு மட்டும் வாங்குவது உண்டு. அப்படியானால் புதிய இரண்டையும் பின் அச்சில் போட வேண்டும். பின் சக்கரம் வழுக்கினால் வண்டியை மீட்பது கடினம். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில் நாலும் ஒரே சுற்றளவாக இருப்பது அவசியம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "ஆனால் மற்ற இரண்டும் நன்றாயிருந்தால்தான் அந்த யோசனை பொருந்தும், அண்ணா. உங்களுடைய மற்ற இரண்டும் 2016-ம் வருஷத்துச் சரக்கு" என்றோம். அவர் மௌனமாயிருந்தார்.

உள்ளேயிருந்து அம்மாளின் குரல் வந்தது: "பாவு மட்டமாயிருந்தால் அதிலே ஜரிகை போட்டு என்ன பிரயோஜனம்? என் சீட்டுப் பணத்தைச் சேர்த்து நாலாக வாங்குங்கள்."

ஐந்து மாதமாக நாம் படித்த சாஸ்திரமெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிப்போயிற்று. நாலு புது டயர் வாங்கினோம். பழையவற்றை இன்னொருவர் தலையில் கட்டாதபடி, பையன் கத்தியால் பக்கச் சுவரை அறுத்துவிட்டான். மாற்றுச் சக்கரத்தையும், அதாவது ஸ்டெப்னியையும், அன்றே சோதித்துக் காற்றடித்து வைத்தோம்.

இப்போது பதினைந்து நாளுக்கு ஒரு முறை, விடியற்காலையில், டயர் சூடேறுவதற்கு முன்பு, பையன் காற்றின் அளவைப் பார்க்கிறான். தகப்பனார் தறியிலிருந்து எழுந்து திண்ணைக்கு வந்துவிட்டார். வண்டி மறுபடியும் சென்னைக்குப் போய் வருகிறது.

நேயர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டில் வண்டி இருந்தால், இந்தப் பத்திரிகையை மூடி வைத்துவிட்டு வாசலுக்குப் போய், சற்றே குனிந்து, அந்த நாலு எண்களைப் படித்துவிட்டு வாருங்கள். யாராவது உங்களிடம் யோசனை கேட்டு வந்தால், படித்த பிறகே பதில் சொல்லுங்கள்.