வரிசையில் நிற்கும் உயிர்கள்

1935 நவம்பர் 10. லண்டனின் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றி எரிந்தது. அக்கம்பக்கத்தவர் ஒருவர் தீயணைப்புப் படையை அழைக்கத் தொலைபேசியை எடுத்தார். இணைப்பகத்தில் சாதாரண அழைப்புகளோடு அவருடைய அழைப்பும் வரிசையில் காத்துக்கிடந்தது. அந்தத் தீயில் ஐந்து பெண்கள் மாண்டார்கள். அவர் 'டைம்ஸ்' நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். அரசு விசாரணைக் குழு அமைத்தது. 1937 ஜூன் 30 அன்று லண்டனில் 999 என்ற அவசர எண் பிறந்தது. அப்போது அந்த எண்ணைச் சுழற்றினால் இணைப்பகத்தில் சிவப்பு விளக்கு எரியும், ஒலிப்பான் அலறும். ஆபத்தில் இருப்பவரின் குரல் வரிசையில் நிற்கக் கூடாது. அந்த எண்ணின் நோக்கமே அதுதான்.

முதல் வாரத்திலேயே 91 விளையாட்டு அழைப்புகள் வந்தன. அன்று தொடங்கியது இன்றும் ஓயவில்லை. 2009இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், கேட்ட கோழித்துண்டுகள் கடையில் தீர்ந்துவிட்டன என்று ஒரு பெண் அந்நாட்டு அவசர எண்ணான 911ஐ மூன்று முறை அழைத்தார். 2010இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், வாசலில் செய்துவைத்த பனிமனிதனைக் காணவில்லை என்று ஒருவர் 999இல் புகார் சொன்னார். 2015இல் பர்மிங்ஹாம் பக்கம் ஒரு பெண்ணுக்கு, ஐஸ்கிரீமில் ஒரு பக்கம் மட்டுமே இனிப்புத் தூவியிருந்தது அவசரப் புகாராகிவிட்டது.

கேட்டால் சிரிப்பு வருகிறது. ஆனால், இத்தகைய ஒவ்வோர் அழைப்பும் 1935இன் அந்த வரிசையைத் திரும்பக் கொண்டுவருகிறது.

அபத்தமாகத் தெரிபவற்றைச் சட்டென்று துண்டித்துவிடலாமே என்று தோன்றலாம். முடியாது. 2019இல் ஓஹையோ மாநிலத்தில் ஒரு பெண் 911ஐ அழைத்து பீட்சா வேண்டும் என்றார். தவறான எண் என்று சொன்ன பணியாளர், அவர் விடாமல் பேசியதும் புரிந்துகொண்டார்: அந்த வீட்டில் அழைத்த பெண்ணின் தாயை ஒருவன் அடித்துக்கொண்டிருந்தான். காவலர்கள் சைரன் ஒலிக்காமல் போய் அவனைக் கைது செய்தார்கள். பிரிட்டனில் பேச முடியாத நிலையில் கைபேசியிலிருந்து 999ஐ அழைப்பவர்கள், அழுத்தச் சொல்லும்போது 55ஐ அழுத்தினால் காவல்துறைக்கு இணைப்பு போகும்.

எது வேடிக்கை, எது வேதனை என்று முதல் நொடியில் யாராலும் சொல்ல முடியாது. ஆகவே பணியாளர்கள் எல்லோருடைய பேச்சையும் பொறுமையாகக் கேட்டே ஆகவேண்டும். அந்தப் பொறுமையை வீணாக்காமல் காப்பது நம் பொறுப்பு. உங்கள் ஊரின் அவசர எண் எதுவாயினும், உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்து என்றால் தயங்காமல் அழையுங்கள். இல்லையென்றால் அந்த இணைப்பை இன்னொருவருக்காக விட்டுவையுங்கள்.