சந்தேகப்படுகிறவருக்கும் சபையில் இடம் உண்டு

சுனாபட்டி, செம்பூர், தாராவி வட்டாரங்களில் வாழும் தமிழ்க் கிறிஸ்தவர்களில் பலர் நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். அல்லது அவர்களுடைய பிள்ளைகள். ஊரில் விட்டுவந்த உறவை அவர்கள் இங்கே சபையில் தேடிக்கொள்கிறார்கள். வாடகை அறையும் வேலைக்குச் சிபாரிசும் கல்யாணச் சம்பந்தமும் பலருக்குச் சபை வழியாகவே கிடைக்கின்றன. ஆகவே ஒருவர் சபைக்கு வருவதை நிறுத்தினால், அவர் இழப்பது ஞாயிறு ஆராதனையை மட்டுமல்ல, சொந்தபந்தத்தையும்தான்.

அப்படி நிறுத்துகிறவர்கள் எல்லாரும் நாத்திகம் பேசப் போனவர்கள் அல்லர். பிள்ளையைப் பறிகொடுத்தவர், வேலையை இழந்தவர், தீராத நோயாளியை வீட்டில் வைத்திருப்பவர் ஆகியோரும் அவர்களில் உண்டு. 1982 ஜனவரி 18-இல் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் ஈடுபட்டனர். ஏராளமானோருக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்கவே இல்லை. 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்தபோதும் அன்றாடக் கூலியை நம்பிய வீடுகளில் அடுப்பு அணைந்தது. 'ஜெபம் கேட்கப்படுகிறதா?' என்ற கேள்வி அத்தகைய வீடுகளில் எழுவது இயற்கையே.

அதை வாய்விட்டுக் கேட்டவருக்கு என்ன பதில் கிடைக்கிறது? "விசுவாசம் குறைந்ததால்தான் சோதனை வந்தது" என்கிறார் ஒருவர். "அவரோடு பழகினால் நம் பிள்ளைகளும் கெட்டுப்போவார்கள்" என்கிறார் இன்னொருவர். இது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும்.

சந்தேகம் என்றதும் தோமாவின் பெயரைச் சொல்வது வழக்கம். ஆனால் யோவான் சுவிசேஷத்தில் அந்த எட்டு நாட்களை யாரும் கவனிப்பதில்லை. காயங்களைக் கண்டு தொட்டாலன்றி நம்பமாட்டேன் என்று தோமா சொன்ன பிறகும், எட்டாம் நாள் அவர் மற்ற சீடர்களோடு அதே வீட்டில்தான் இருந்தார். அவர்கள் அவரை விரட்டவில்லை, அவரும் வெளியேறவில்லை. உயிர்த்தெழுதல் செய்தியைப் பெண்கள் முதலில் கொண்டுவந்தபோது அந்தச் சீடர்களே அதை வீண்பேச்சு என்று தள்ளியவர்கள்தாமே! இயேசுவும் தோமாவை ஒதுக்கவில்லை; காயங்களைக் காட்டினார். அந்தத் தோமாவே இந்தியாவுக்கு வந்து சென்னையில் இரத்தசாட்சியாக மரித்தார் என்பது நம் மரபு.

அன்னை தெரசாவின் வாழ்வும் இதையே உணர்த்துகிறது. அவர் 1997-இல் மறைந்தார். 2007-இல் வெளியான அவருடைய கடிதங்கள் உலகைத் திகைக்க வைத்தன. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கடவுளின் அருகாமையை உணர முடியாமல் அவர் உள்ளத்தில் இருளோடு வாழ்ந்திருக்கிறார். புனேயில் இறையியல் கற்பித்த இயேசு சபைக் குரு ஜோசப் நாய்னரிடம் 1961-இல் அதைத் தெரிவித்தார். நாய்னர் கண்டிக்கவில்லை. அது அவருடைய குற்றமல்ல என்றும், கடவுளுக்காக ஏங்குவதே கடவுள் அருகில் இருப்பதன் அடையாளம் என்றும் தேற்றினார். 2016-இல் திருச்சபை அன்னையைப் புனிதர் என அறிவித்தது.

சந்தேகத்துக்கு இடம் கொடுத்தால் அது பரவிவிடும் என்று மூப்பர்கள் அஞ்சலாம். சபையைக் காக்கும் பொறுப்புடையோர் அஞ்சுவதில் தவறில்லை. ஆனால் யூதா எழுதிய நிருபத்தைப் பாருங்கள். வஞ்சிக்கிற போதகர்களை அது கடுமையாகச் சாடுகிறது; தடுமாறுகிறவர்களிடமோ இரக்கம் காட்டச் சொல்கிறது. வழிகெடுப்பவர் வேறு, வழி தெரியாமல் நிற்பவர் வேறு. பொறுமை காட்டுவதால் உபதேசம் மாறிவிடாது. வாயை அடைத்தால் சந்தேகமும் போய்விடாது. பாடகர் குழுவில் உதடு அசைய, உள்ளம் வெளியே நிற்கும்.

என்ன செய்யலாம்? வராதவரின் வீட்டுக்கு இருவர் போகலாம். பிரசங்கம் வேண்டாம், பேசவிட்டுக் கேட்டாலே போதும். பதில் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லலாம். பிள்ளையின் படிப்பு, மருத்துவச் செலவு போன்றவற்றில் கைகொடுக்கலாம். அவர் மறுபடி வரும் நாளில், "இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள்?" என்று குறுக்குக் கேள்வி கேட்காமல், "வாங்க அண்ணாச்சி" என்று நகர்ந்து இடம் கொடுக்கலாம்.

தோமாவுக்கு எட்டு நாட்கள் போதுமாயிருந்தன. சிலருக்கு எட்டு ஆண்டுகள் ஆகலாம். அதுவரை கதவைத் திறந்து வைத்திருப்பது சபையின் கடமையாகும்.