யாருக்கு ஞாபகக் கல்?

அமெரிக்கா தேசத்தில் 1861-ம் வருஷம் முதல் 1865-ம் வருஷம் வரை நடந்த உள்நாட்டு யுத்தத்தைப் பற்றி நமது வாசகர்களில் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அடிமை வைத்திருந்த தென் மாகாணங்கள் 11 ஒன்றுசேர்ந்து தனி ராஜ்யம் என்று பிரிந்துகொண்டன. வடமாகாணங்கள் அதை ஒப்புக்கொள்ளாமல் எதிர்த்தன. இதுவே அந்தச் சண்டை. அதில் மாண்டவர்கள் 6,20,000 பேர் என்று வெகுகாலம் சொல்லப்பட்டு வந்தது. 2011-ம் வருஷத்தில் ஜனக்கணக்குகளை ஒத்திட்டுப் பார்த்த ஒரு சரித்திர ஆசிரியர், அது 7,50,000 வரையில் இருக்கக்கூடும் என்று காட்டினார். சண்டை முடிந்து 160 வருஷங்கள் ஆகியும், அந்நாட்டில் பல ஊர்களில் சிலர் பழைய பட்டாளக் காகிதங்களைப் புரட்டி, "எங்கள் ஊரிலிருந்து போனவன் யார்? அவன் பெயர் என்ன? அவனை எங்கே புதைத்தார்கள்?" என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வேலையால் என்ன பிரயோஜனம், செத்தவன் திரும்பி வரப்போகிறானா என்று சிலர் கேட்கலாம். செத்தவன் வரமாட்டான் என்பது நமக்கும் தெரியும். அவனுக்கு ஆத்மா உண்டென்றோ, கல் நட்டால் அது சாந்தியடையும் என்றோ சொல்ல நாம் வரவில்லை. ஆனால் ஒரு ஊர் யாரை ஞாபகத்தில் வைக்கிறது, யாரை மறந்துவிடுகிறது என்பது உயிரோடிருப்பவர்களில் யார் மேல், யார் கீழ் என்று தீர்மானிக்கிற சங்கதியாகும். ஆகையால்தான் இதைப் பற்றி எழுதுகின்றோம். 1873-ம் வருஷத்தில் ஜோதிராவ் பூலே தமது "குலாம்கிரி" என்னும் புத்தகத்தை, அடிமைகளை விடுதலை செய்ததற்காக அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். ஜாதிக் கொடுமையை எதிர்த்த அவர் அன்றே கண்ட சம்பந்தத்தை நாம் இன்று காணாமலிருக்க நியாயமில்லை.

சண்டை எதற்காக நடந்தது என்பதை முதலில் பார்ப்போம். 1861-ல் மிசிசிப்பி மாகாணம் பிரிந்து போனபோது வெளியிட்ட பிரகடனத்திலேயே, தங்கள் நிலைமை அடிமை முறையோடு ஒன்றிப்போனது என்று ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிட்டது. தென்னாட்டுப் பாதிரிமார்களோ பைபிளை விரித்து, அடிமைத்தனம் ஆண்டவன் ஏற்பாடு என்று பிரசங்கம் செய்தார்கள். அடிமை வைத்திருப்பவரைச் சமய ஊழியத்துக்கு அனுப்பலாமா என்ற தகராறில் 1845-ல் தென்னாட்டு பாப்டிஸ்டுகள் தனிச் சபையே கட்டிக்கொண்டார்கள். அதற்காக அந்தச் சபை மன்னிப்புக் கேட்க 1995 வரை, அதாவது 150 வருஷம் பிடித்தது. அதே பைபிளைக் கையில் வைத்துக்கொண்டு வடக்கே அடிமை ஒழிப்பும் பேசப்பட்டது. ஆக, வேதம் எதையும் தீர்க்கவில்லை. மனிதர்கள் துப்பாக்கியைத் தூக்கித்தான் தீர்க்க வேண்டியிருந்தது.

தோற்றுப்போன பின்பு தென்னாட்டாரின் கதை மாறிவிட்டது. அடிமை முறைக்காக நாங்கள் சண்டையிடவில்லை, மாகாண உரிமைக்காகவே சண்டையிட்டோம் என்றார்கள். அடிமைகள் எஜமானர்களிடத்தில் சந்தோஷமாகவே இருந்தார்கள் என்றார்கள். 1894-ல் தென்னாட்டுப் போர்வீரர்களின் வழிவந்த பெண்கள் ஒரு சங்கம் கண்டு, பள்ளிப் புத்தகங்களில் இந்தக் கதையை ஏற்றவும், ஊர்தோறும் சிலை நாட்டவும் புறப்பட்டார்கள். இச்சிலைகளில் மிகப்பல, செத்தவர்களுக்காக ஊர் அழுதுகொண்டிருந்த காலத்தில் நாட்டப்பட்டவை அல்ல. கறுப்பு மக்களின் ஓட்டுரிமையைப் பிடுங்கி, ரயிலிலும் பள்ளியிலும் அவர்களுக்குத் தனியிடம் என்று சட்டம் செய்துகொண்டிருந்த காலத்தில், கோர்ட்டு வாசல்களில் நாட்டப்பட்டவை. நியாயம் கேட்டு வருகிற கறுப்பு மனிதன், தன் பாட்டனை அடிமையாகவே வைத்திருக்கச் சண்டையிட்டவனின் சிலையைத் தாண்டித்தான் உள்ளே நுழைய வேண்டும். இதற்கு ஞாபகச்சின்னம் என்று பெயரா, மிரட்டல் என்று பெயரா என்று கேட்கின்றோம்.

வடநாட்டார் மாத்திரம் பெரிய யோக்கியர்களா என்றால், அதுவும் இல்லை. வடநாட்டுத் தரைப்படையில் சேர்ந்த கறுப்புச் சிப்பாய்கள் சுமார் 1,79,000 பேர். கப்பற்படையில் சுமார் 19,000 பேர். இவர்களில் ஏறக்குறைய 40,000 பேர் மாண்டார்கள். குண்டுபட்டு இறந்தவர்களைவிட நோயால் இறந்தவர்களே அதிகம். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 13 டாலர். கறுப்புச் சிப்பாய்க்கு 10 டாலர். அதிலும் துணிக்கென்று 3 டாலர் பிடித்துக்கொண்டு 7 டாலர்தான் கையில் கொடுத்தார்கள். ஒரே குண்டுக்கு நெஞ்சைக் காட்டுகிற இருவருக்கு இரண்டு கூலி! 54-வது மசாசூசெட்ஸ் பட்டாளத்தார், குறைந்த சம்பளம் வாங்குவதைவிடச் சம்பளமில்லாமலே சண்டையிடுகிறோம் என்று, அந்தக் காசைத் தொடவே மறுத்துவிட்டார்கள். இதற்குப் பெயர்தான் சுயமரியாதை. 1864 ஜூனில்தான் சமச் சம்பளச் சட்டம் வந்தது.

அந்தப் பட்டாளம் 1863 ஜூலை 18-ந் தேதி தென் கரோலினாவில் வாக்னர் கோட்டையின்மேல் பாய்ந்து பெருஞ்சேதமடைந்தது. அதன் தலைவரான ராபர்ட் கூல்ட் ஷா என்னும் வெள்ளையரும் மாண்டார். எதிரிகள் அவரையும் கறுப்புச் சிப்பாய்களையும் ஒரே குழியில் போட்டு மூடினார்கள். 1897-ல் பாஸ்டன் நகரத்தில் இவர்களுக்கு ஓர் அருமையான வெண்கலச் சின்னம் எழுந்தது. அதில் செத்துப்போன வெள்ளை அதிகாரிகளின் பெயர்களைப் பொறித்தார்கள். செத்துப்போன கறுப்புச் சிப்பாய்களின் பெயர்கள் 1980-களில்தான் பொறிக்கப்பட்டன. குழிக்குள் இல்லாத வித்தியாசம் கல்லின்மேல் எண்பது வருஷத்துக்கு மேல் இருந்தது. இது விரோதிகள் செய்ததல்ல, சிநேகிதர்கள் செய்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

பெயருக்கு இவ்வளவு பெரிய பேச்சு எதற்கு என்பவர்கள் 1860-ம் வருஷத்து ஜனக்கணக்கைப் பார்க்கட்டும். அதில் அடிமைகளுக்குத் தனி ஜாபிதா. எஜமானன் பெயர் இருக்கும். அதற்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் என்ன என்று வரிசை வரிசையாக இருக்கும். அடிமையின் பெயர் மாத்திரம் பெரும்பாலும் இராது. தொழுவத்தில் உருப்படி எண்ணுவதுபோல மனிதரை எண்ணினார்கள். எல்லோரையும் பெயரிட்டு எழுதிய ஜனக்கணக்கு 1870-ல்தான் வந்தது. அதற்கு முன்னே, அடிமையாயிருந்த பல பேருடைய பெயர் சர்க்கார் காகிதத்தில் முதன்முதலாகத் தென்படுகிற இடம் பட்டாளப் பேரேடுதான். பெயர், வயது, பிறந்த இடம், உயரம், செய்த தொழில் எல்லாம் அதில் உண்டு. உருப்படியாயிருந்தவன் அந்த வரியில்தான் மனிதனாகிறான்.

அந்த ஒரு வரிக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதற்குக் கென்டக்கி மாகாணமே சாக்ஷி. அந்த மாகாணம் பிரிந்து போகவில்லை. ஆனால் அடிமை முறையை விடவும் இல்லை. அங்கிருந்து சுமார் 24,000 கறுப்பர்கள் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். அவர்களில் 10,000 பேருக்கு மேல் காம்ப் நெல்சன் என்னும் முகாமில் சேர்ந்தவர்கள். சேர்ந்தவனுக்கு விடுதலை. அவனை இழந்த எஜமானன் சர்க்காருக்கு விசுவாசியாயிருந்தால், 300 டாலர் வரையில் நஷ்டஈடு கேட்கச் சட்டம் இடங்கொடுத்தது. ஆனால் சிப்பாயின் பெண்சாதி பிள்ளைகளுக்கு விடுதலை இல்லை! அவர்கள் எஜமானர்களுக்குப் பயந்து முகாமிலேயே குடிசை போட்டுத் தங்கினார்கள். 1864 நவம்பரில், கடுங்குளிரில், முகாம் அதிகாரிகள் சுமார் 400 பெண்களையும் குழந்தைகளையும் வண்டியிலேற்றி வெளியே தள்ளிக் குடிசைகளை அழித்தார்கள். அவர்களில் 102 பேர் மாண்டார்கள்.

ஜோசப் மில்லர் என்ற சிப்பாய் இதைப் பற்றிச் சத்தியப் பிரமாணமாகக் கொடுத்த வாக்குமூலம் இன்றும் இருக்கிறது. அவருடைய ஏழு வயதுப் பையன் காயலாவாகக் கிடந்தான். வெளியே கொண்டுபோனால் செத்துவிடுவான் என்று சொல்லியும் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். இரவில் அவர் நடந்து தேடிப்போய்ப் பார்த்தபோது பிள்ளை பிணமாயிருந்தான். பட்டாளக் கட்டளைப்படி இரவே முகாமுக்குத் திரும்பி, மறுநாள் காலையில் மறுபடியும் நடந்துபோய்த் தம் கையாலேயே குழி வெட்டிப் புதைத்தார். சில வாரங்களுக்குள் அவரும், அவர் குடும்பம் முழுவதும் மாண்டுபோனார்கள். இப்படிப்பட்ட வாக்குமூலங்கள் வெளியாகி ஏற்பட்ட கொதிப்பினால், 1865 மார்ச் 3-ந் தேதி, சிப்பாய்களின் பெண்சாதி பிள்ளைகளுக்கும் விடுதலை என்று சட்டம் வந்தது. ஒரு தகப்பன் சொன்னதை ஒருவர் காகிதத்தில் எழுதி வைக்காமற் போயிருந்தால், அந்தப் பிள்ளை செத்தது இன்று யாருக்குத் தெரியும்?

பென்ஷன் காகிதங்களும் அப்படியே. அடிமைகளின் கலியாணத்தைச் சட்டம் கலியாணமாகவே ஒப்புக்கொள்ளவில்லை. ஆகையால் சிப்பாயின் விதவை பென்ஷன் கேட்டால் அத்தாட்சிக்கு எங்கே போவாள்? புருஷன் பெண்சாதியாக வாழ்ந்ததற்குச் சாக்ஷி இருந்தால் போதும் என்று 1864-ல் ஒரு சட்டம் வந்தது. அதனால் பக்கத்து வீட்டுக்காரியும், பட்டாளத்துத் தோழனும் வந்து சாக்ஷி சொன்னார்கள். எந்தத் தோட்டத்தில் வேலை செய்தான், எஜமானன் பெயரை விட்டுவிட்டு எந்தப் பெயர் வைத்துக்கொண்டான், பிள்ளைகள் எத்தனை என்பதெல்லாம் அதில் வெளிவந்தன. சரித்திரப் புத்தகத்தில் இடங்கிடைக்காத ஏழைகளின் சரித்திரம் பென்ஷன் கட்டுகளுக்குள் இருக்கிறது.

தேடாவிட்டால் எவ்வளவு பெரிய காரியமும் மறைந்துவிடும். தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் நகரத்துக் குதிரைப் பந்தய மைதானத்தைத் தென்னாட்டார் சிறைக்கூடமாக்கியிருந்தார்கள். அங்கே மாண்ட 257 வடநாட்டுச் சிப்பாய்களை, விடுதலையடைந்த கறுப்பு மக்கள் முறையாகப் புதைத்து, சுற்றிலும் வேலி கட்டி, 1865 மே 1-ந் தேதி சுமார் 10,000 பேர் ஊர்வலமாய்ப் போய் மலர் வைத்தார்கள். பின்னால் அந்த இடத்தில் அமைந்த பூங்காவுக்குத் தென்னாட்டுத் தளபதி ஒருவர் பெயரையே வைத்தார்கள். 1990-களில் ஒரு சரித்திர ஆசிரியர் பழைய காகிதக் கட்டில் இதைக் கண்டெடுக்கும் வரை, தேசமே இதை மறந்திருந்தது.

ஆராய்ச்சி என்பது புகழ் பாடுவதற்கு மாத்திரம் அல்ல, புரட்டை உடைப்பதற்கும் வேண்டும். தென்னாட்டுப் பட்டாளத்திலும் ஆயிரக்கணக்கான கறுப்புச் சிப்பாய்கள் தாங்களாகவே சண்டையிட்டார்கள் என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. காகிதத்தைப் பார்த்தால் கதை நிற்கவில்லை. கறுப்பர்களைச் சிப்பாய்களாகச் சேர்க்கத் தென்னாட்டுக் காங்கிரஸ் சட்டம் செய்ததே 1865 மார்ச்சு 13-ந் தேதிதான். அடுத்த மாதம் அவர்களுடைய பெரிய தளபதி லீ சரணடைந்துவிட்டார். எஜமானனுக்குச் சமைக்கவும், குதிரையைப் பார்க்கவும் இழுத்துக்கொண்டு போகப்பட்ட அடிமைகளையே இன்று சிப்பாய்கள் என்கிறார்கள். மூட்டை சுமக்க வைத்தவனே, அவன் என் தோழன் என்று பின்னால் சொல்வது எந்த தேசத்துக்கும் புதிதல்ல.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறிவருகிறது. 1998-ல் வாஷிங்டனில் எழுந்த கறுப்புச் சிப்பாய்களின் சின்னத்தில் 2,09,145 பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. டென்னசி மாகாணத்து பிராங்க்ளின் ஊர்ச் சதுக்கத்தில் 1899 முதல் ஒரு தென்னாட்டுச் சிப்பாய் சிலை தனியே நின்றது. 2021 அக்டோபரில் அதற்கெதிரில், பழைய கோர்ட்டுக் கட்டடத்தின் முன், ஒரு கறுப்புச் சிப்பாய் சிலையை ஊரார் நிறுத்தினார்கள். வர்ஜீனியாவில் சார்லட்ஸ்வில் நகரத்தில் 1924-ல் நாட்டிய லீயின் சிலையை 2021-ல் இறக்கி, 2023-ல் உருக்கிவிட்டார்கள். கல்லில்லாத சமாதிக்கு, சிப்பாயென்று ருஜுப்படுத்தினால் சர்க்காரே இலவசமாகக் கல் கொடுக்கிறது. அந்தக் காலத்துச் சிப்பாய்க்கு இரத்த சம்பந்தமுள்ளவர்தான் மனுப்போட வேண்டும் என்ற கட்டாயமும் 2016-ல் நீங்கிவிட்டது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம். வம்சம் அற்றுப்போனவனுக்கு ஊரே வாரிசு என்கிற இந்த ஏற்பாடு மிகவும் நியாயமானதாகும்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. நல்லவனுக்கு நட்ட கல்லும் நாளடைவில் கும்பிடு கல்லாகிவிடலாம். மாலை போடுகிறவன் படிப்பதை நிறுத்திவிடுகிறான். கறுப்புச் சிப்பாயைத் தெய்வமாக்கினாலும் அவன் மறுபடியும் பெயரிழந்தவனே ஆவான். 7 டாலரை மறுத்தான், பிள்ளைக்குக் குழி வெட்டினான், விதவைக்குச் சாக்ஷி சொன்னான் என்ற உண்மைகளோடு அவனை மனிதனாக வைத்திருப்பதே அவனுக்குச் செய்யும் மரியாதை.

ஆகவே, எந்த தேசத்திலானாலும் ஒரு வீரர் கல்லைக் கண்டால் கை கூப்புவதற்கு முன் நான்கு கேள்விகள் கேட்கும்படி நமது வாசகர்களை வேண்டுகின்றோம். இதை யார் நட்டார்கள்? எந்த வருஷத்தில் நட்டார்கள்? இவன் எதற்காகச் சண்டையிட்டான்? யார் பெயரை விட்டுவிட்டார்கள்? முதல் மூன்றுக்கும் கல்லே பெரும்பாலும் பதில் சொல்லும். நான்காவது கேள்விக்குக் கல் பதில் சொல்லாது. அதற்குப் பழைய பேரேட்டைத் திறந்து பார்க்கிறவர்கள் ஊருக்கு ஒருவராவது வேண்டும்.