வரி கொடாதார் எவருமில்லை

வரி என்றவுடன், மறைக்கல்வி வகுப்பில் கேட்ட ஆயக்காரரான மத்தேயுதான் நம்மில் பலருக்கு நினைவில் வருவார். அடுத்து, வருமான வரி கட்டும் பெரிய மனிதர்கள் வருவார்கள். "எங்கள் வீட்டில் யாரும் வரி கட்டுவதில்லை, அவ்வளவு சம்பாத்தியம் இல்லை" என்று நாம் பேசிக்கொள்வதும் உண்டு. இது உண்மைதானா? கணக்குப் போட்டுப் பார்ப்போம், தோழியரே!

சென்னை மாகாணத்தில் 1939ஆம் ஆண்டு இராஜாஜியின் ஆட்சியில் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. பொருள் கைமாறும்போதெல்லாம் முழு விலைக்கும் வரி விதித்தால், வரிக்கு மேல் வரி ஏறும். இக்குறையைத் தீர்க்கப் பிறந்ததே மதிப்புக் கூட்டு வரி. பிரான்சு நாடு 1954இல் இதற்கு வழிகாட்டியது. தமிழ்நாட்டில் 2007 ஜனவரி 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி இதன் இடத்திற்கு வந்துவிட்டது. பெட்ரோல், டீசல், மது போன்ற சிலவற்றுக்கு மட்டும் பழைய வரியே நீடிக்கிறது. பெயர் மாறினாலும், கூடிய மதிப்புக்கு மட்டுமே வரி என்ற அடிப்படை மாறவில்லை.

நம் கள்ளக்குறிச்சியின் புகழ்பெற்ற மரச்சிற்பத்தையே எடுத்துக்கொள்வோம். எளிமைக்காக எல்லா நிலையிலும் வரி 5 சதவீதம் என்று கொள்வோம். மரக்கடைக்காரர் 1000 ரூபாய்க்கு மரம் விற்று, வரி 50 வாங்கி அரசுக்குச் செலுத்துகிறார். சிற்பி அதைச் செதுக்கி 3000 ரூபாய்க்கு விற்று, வரி 150 வாங்குகிறார். முன்பே கொடுத்த 50ஐக் கழித்துக்கொண்டு 100 செலுத்துகிறார். கடைக்காரர் 4000 ரூபாய்க்கு விற்று, வரி 200 வாங்கி, 150ஐக் கழித்து 50 செலுத்துகிறார். அரசுக்குச் சேர்ந்தது 50 + 100 + 50 = 200. இது 4000இல் சரியாக 5 சதவீதம். மூவரும் செலுத்தினார்கள், ஆனால் கையைவிட்டுக் கொடுத்தவர் கடைசியாக வாங்கியவர் ஒருவரே!

வரி சேர்ந்த விலையில் கணக்கிடும்போது ஒரு தவறு செய்கிறோம். 18 சதவீத வரியுடன் ஒரு பொருள் 118 ரூபாய் என்றால், 118க்கு 18 சதவீதம் பார்த்து 21 ரூபாய் 24 காசு என்கிறோம். சரியான முறை, 118ஐ 118ஆல் வகுத்து 18ஆல் பெருக்குவது. வரி 18 ரூபாயே.

இனி, கல்வராயன் மலையிலிருந்து கடுக்காயும் தேனும் விற்க இறங்கிவரும் ஒரு தாயை நினைப்போம். வருமான வரி அலுவலகம் எங்கே இருக்கிறது என்றும் அவர் அறியார். ஆனால் திரும்பும்போது அவர் வாங்கும் சோப்பிலும் பற்பசையிலும் வரி இருக்கிறது. செல்வந்தர் கொடுக்கும் அதே சதவீதம்தான். ஆனால் அவருடைய சிறிய வருமானத்தில் அது பெரிய பங்கு. கடைசியாக வாங்குபவராதலால் கழித்துக்கொள்ளவும் வழியில்லை.

ஆகவே, மலைக்குச் சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் கேட்பது பிச்சை கேட்பதன்று. 2024இல் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து அம்மலை மக்களின் அடிப்படை வசதிகளைப் பற்றி விசாரித்தது. ஏற்கெனவே விலை கொடுத்தவர்களுக்கு வரவேண்டியது அது என்பதே நம் கருத்து.

கணக்கு அறிந்தவர் கேள்வி கேட்கலாம். சானிட்டரி நாப்கினுக்கு 2017இல் 12 சதவீத வரி இருந்தது. பெண்கள் குரல் எழுப்பினார்கள். 2018 ஜூலையில் அது நீக்கப்பட்டது. நாம் எழுதும் நோட்டுக்கும் பென்சிலுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் வரி இல்லை.

எனவே தோழியரே, கடையில் ரசீது கேட்டு வாங்குவோம். அதிலுள்ள வரியைப் படித்து, வீட்டில் பெரியோருக்கும் விளக்குவோம். ஏழை என்று யாரையும் "வரி கொடாதவர்" என இனி எண்ணாதிருப்போம்!