திகிலுக்கு இரைச்சல் எதற்கு?

அண்மைக் காலத்தில் வெளிவரும் திகில் படங்களில் ஒரு கதவு திறப்பதற்கு முன்பே முரசுகள் முழங்கத் தொடங்கிவிடுகின்றன. கதவுக்குப் பின்னால் யாரேனும் நிற்கிறார்களோ இல்லையோ, அஞ்ச வேண்டிய தருணம் இதுவே என்று ஒலிபெருக்கிகள் நாற்புறமிருந்தும் நமக்குக் கட்டளையிடுகின்றன. அச்சம் என்பது செவி வழியாக உள்ளே திணிக்கப்பட வேண்டிய சரக்கு என்று நம் இயக்குநர்களில் பலர் எண்ணிவிட்டார்கள் போலும். இந்த அபிப்பிராயம் தவறு என்பதற்கு மேல்நாட்டுச் சாட்சியம்தான் வேண்டும் என்பதில்லை. எழுபது ஆண்டுகளுக்கு முன்பே நம் சென்னையில் எடுக்கப்பட்ட ஒரு தமிழ்ப் படம் அதை ஐயத்துக்கு இடமின்றி நிரூபித்திருக்கிறது.

1954-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள், தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி, ஏவி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட ‘அந்த நாள்’ என்ற படத்தையே சொல்கிறேன். எஸ். பாலசந்தர் இயக்கியது, வசனம் ஜாவர் சீதாராமன், அவரே துப்பறியும் அதிகாரியாகவும் நடித்திருக்கிறார். 1943 அக்டோபரில் ஜப்பானியர் சென்னையின் மீது குண்டு வீசிய சம்பவத்தைப் பின்னணியாகக் கொண்ட கதை அது. ‘பராசக்தி’ வெளிவந்து இரண்டு ஆண்டுகூட நிறையாத அந்நாளில், சிவாஜி கணேசனைக் காண்பதற்கென்றே காசு கொடுத்து வந்து அமர்ந்த ஜனங்களுக்கு, படம் தொடங்கியதும் தொடங்காததுமாக ஒரு துப்பாக்கி வெடிக்கும் சப்தம் கேட்கிறது. கதாநாயகன் தள்ளாடி விழுந்து உயிர் விடுகிறான். சுட்டவர் யார் என்பது மட்டும் காட்டப்படவில்லை.

இந்தத் தொடக்கக் காட்சியின் யுக்தியைச் சற்று நின்று நோக்க வேண்டும். ஒரு மனிதன் எதிரே நிற்கும் இன்னொருவரைப் பார்ப்பதாக ஒரு துண்டுப் படம் காட்டினால், அடுத்த துண்டில் அந்த எதிராளியைக் காட்டுவது படத்தொகுப்பில் நெடுங்காலமாக நிலைத்துவிட்ட வழக்கம். அந்த வழக்கத்துக்கு நம் கண் பழகிப்போயிருப்பதால், அடுத்த துண்டை நாம் கேளாமலே எதிர்பார்த்து நிற்கிறோம். பாலசந்தர் அந்த இரண்டாவது துண்டை நமக்குத் தர மறுத்துவிடுகிறார். சந்தேகிக்கப்படும் ஒவ்வொருவரும் மற்றொருவரைக் காட்டிக் கொடுப்பதும், இறந்தவனுடைய முகம் ஒவ்வொரு வாக்குமூலத்திலும் வேறொரு சாயல் கொள்வதும் ஆகிய இத்தனையும், முதற் காட்சியில் கொடுக்கப்படாமல் விடப்பட்ட அந்த ஒரே துண்டைத் தேடும் முயற்சியன்றி வேறில்லை. கொலையாளி யார் என்பதை இன்னும் படம் பார்க்காதவர்களை முன்னிட்டு நானும் சொல்லப் போவதில்லை.

பாலசந்தருக்கு இந்தக் கதையமைப்பைத் தூண்டியது, ஒரு திரைப்பட விழாவில் அவர் கண்ட ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘ரஷோமான்’. அதைக் கண்டபின் அவர் எழுதிய நாடகத்தை அகில இந்திய வானொலி ஏற்கவில்லை. பிறகுதான் அது ஏவி.எம். அதிபர் ஏவி. மெய்யப்பனிடம் சென்று படமாயிற்று. வானொலி நிராகரித்ததும் ஒருவகையில் நன்மையாகவே முடிந்தது என்பேன். எதைக் காட்டாமல் விடுவது என்ற கேள்வி, காட்டுவதற்கென்றே அமைந்த ஒரு சாதனத்தில்தான் முழுப் பலம் பெறுகிறது.

படத்தில் பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டையும் இல்லை. இதைப் பலரும் ஒரு புதுமையாக மட்டுமே எடுத்துச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள், காரணத்தை ஆராய்வதில்லை. நம் படங்களில் பாட்டு என்பது, கதையின் நெருக்கடியிலிருந்து ரசிகன் சிறிது நேரம் வெளியே சென்று மூச்சு வாங்கி வருவதற்குத் திறந்து வைக்கப்பட்ட வாசல். அந்த வாசலை அடைத்துவிட்டால் உள்ளே இருப்பவர்கள் சந்தேகத்தோடு சந்தேகமாக அடைபட்டுக் கிடப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒளிப்பதிவாளர் மாருதி ராவ் செய்ததும் இதே காரியந்தான். அறை முழுவதற்கும் ஒரே சீராக வெளிச்சம் பாய்ச்சாமல், முகத்தில் பாதியை இருளில் விட்டு, சுவர்களில் நிழலை நீளவிட்டு, பேசுபவர் உண்மை பேசுகிறாரா என்று நாம் உற்று நோக்கும்படி செய்துவிட்டார். அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் இருட்டும் ஒரு பாத்திரமாகவே வருகிறது.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சாணார்பட்டி, கோபால்பட்டி என்று திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலையை ஒட்டிய எங்கள் ஊர்களைப் போன்ற கிராமங்களில், அந்தக் காலத்தில் சினிமா என்றால் டூரிங் டாக்கீஸ்தான்: கீற்றுக் கொட்டகை, மணல் தரை, ஒரே ஒரு மெஷின். சுருள் மாற்றும்போதெல்லாம் படம் நின்றே தீரும். ஒரு இடைவேளைக்குப் பதிலாக மூன்று நான்கு இடைவேளை. சோடாக்காரரும் முறுக்குக்காரரும் தரை டிக்கெட்டுக்கும் பெஞ்சுக்கும் நடுவே புகுந்து வருவார்கள். திகில் படத்துக்கு இதைவிடப் பெரிய துரோகம் இல்லை என்று தோன்றும். ஆனால் ‘அந்த நாள்’ போன்ற ஒரு படத்துக்கு அது அனுகூலமாகவே இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஒவ்வொரு வாக்குமூலமும் முடிந்தபின் விளக்குப் போட்டால், கொன்றது இறந்தவனின் தம்பியா, தம்பி மனைவியா என்று மணலில் உட்கார்ந்தபடியே ஒரு பஞ்சாயத்து நடந்துவிடாதா?

யார் என்று தெரியாததால் பிறக்கும் பதைப்பு ஒருவகை. எல்லாம் தெரிந்திருப்பதால் பிறக்கும் பதைப்பு இன்னொரு வகை. அது முன்னதினும் கொடியது. திகில் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவோடு நிகழ்த்திய சம்பாஷணையில் இதற்கு ஓர் உதாரணம் சொன்னார்: மேஜைக்கு அடியில் இருக்கும் குண்டை முன்னறிவிப்பின்றி வெடிக்கவிட்டால் ரசிகனுக்குக் கிடைப்பது 15 விநாடி அதிர்ச்சி, குண்டு இருப்பதை அவனுக்கு மட்டும் முதலிலேயே சொல்லிவிட்டு, மேஜையைச் சுற்றி அமர்ந்தவர்களை வெறும் ஊர்க்கதை பேசவிட்டால் 15 நிமிடப் பதைப்பு. பாலசந்தர் 1964-இல் எடுத்த ‘பொம்மை’ இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. ஒருவரைக் கொல்வதற்காக ஒரு பொம்மைக்குள் குண்டு வைக்கப்படுகிறது. அது குறி தவறிப் பலர் கைகளுக்கு மாறிச் செல்கிறது. உள்ளே இருப்பது என்ன என்பது வைத்திருப்பவர்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். இந்தப் படத்தில் பாட்டு உண்டு; யேசுதாஸ் தமிழில் பாடிய தொடக்க காலப் பாடல்களுள் ஒன்று இதில்தான் வருகிறது. ஆயினும், வேளை வரும்போது வெடித்துவிடும் ஒரு பொருள் ஊருக்குள் உலவுவதை அறிந்துவிட்ட நமக்கு, எந்தப் பாட்டும் ஆறுதல் தருவதில்லை. ‘அந்த நாள்’ படத்தில் பாட்டை நீக்கியதால் விளைந்த நெருக்கம் இங்கே பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கும்போதே விளைகிறது.

இப்படிக் காலத்தை நீட்டியும் சுருக்கியும் ஆளும் கை பாலசந்தருக்கு எங்கிருந்து வந்தது? அவர் வீணை வித்வான் என்பது யாவரும் அறிந்ததே. பின்னாளில், 1982-இல், பத்மபூஷண் விருதும் பெற்றார். ராக ஆலாபனை செய்யும் வித்வான் நிஷாதத்தில் நெடுநேரம் நின்று, செவி ஏங்கி நிற்கும் மேல் ஷட்ஜத்தை இதோ தருகிறேன், இதோ தருகிறேன் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே போவதைக் கச்சேரிகளில் கேட்டிருக்கிறோம். ஒரு ஸ்வரத்தை எவ்வளவு நேரம் மறுத்தால் சபை பொறுக்கும் என்று கணக்கிடத் தெரிந்தவருக்கு, ஒரு காட்சியை எவ்வளவு நேரம் மறுக்கலாம் என்று யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

அப்படியானால் பின்னணி இசையே கூடாதா, ‘சைக்கோ’வின் குளியலறைக் காட்சியில் வயலின்கள் அலறவில்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1960-இல் வெளிவந்த அப்படத்தின் அந்தக் காட்சியை ஹிட்ச்காக் ஏழு நாள் படமாக்கினார்; முக்கால் நிமிட அளவே வரும் கொலைக்குத் துண்டு துண்டாக எத்தனையோ கோணங்கள்; இசை வேண்டாம் என்று முதலில் சொன்னவரும் அவரே, இசையமைப்பாளர் பெர்னார்டு ஹெர்மன் அமைத்ததைக் கேட்டபின் மனம் மாறியவரும் அவரே. ஆனால் அந்த நரம்பிசை எப்போது தொடங்குகிறது என்று பாருங்கள். நீர் விழும் ஓசை மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கிறது. திரைச்சீலைக்கு அப்பால் ஓர் உருவம் நெருங்கி வருவதை நாம் காண்கிறோம், குளிக்கும் பெண் காணவில்லை. அந்த நேரம் முழுவதும் வாத்தியம் வாய் திறப்பதில்லை. திரைச்சீலை விலக்கப்படும்போதுதான் வயலின் வெட்டுகிறது. இன்றைய நம் இசையமைப்பாளராக இருந்தால், அந்தப் பெண் குளியலறைக்குள் அடியெடுத்து வைக்கும்போதே முழங்கத் தொடங்கி, கத்தி வரும்போது கூட்டுவதற்கு ஒலியே மிச்சமின்றித் தவித்திருப்பார்.

‘அந்த நாள்’ வெளிவந்த காலத்தில் வசூலில் தோற்றது. பாட்டில்லாத படத்துக்குக் காசு கொடுத்தோமே என்று ஜனங்கள் சலித்துக்கொண்டார்கள். மத்திய அரசு நற்சான்றிதழ் அளித்துக் கௌரவித்தது. விமரிசகர்கள் அன்றும் பாராட்டினார்கள், இன்றும் பாராட்டுகிறார்கள். பாராட்டு மட்டும் போதுமா? சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தில் ஒரு பல்கலைக்கழகமும், திண்டுக்கல்லைச் சுற்றிப் பல கல்லூரிகளும் இருக்கின்றன. சினிமாவில் சேர வேண்டும் என்று சென்னைக்குப் பஸ் ஏறும் பிள்ளைகள் இந்தச் சுற்று வட்டாரத்திலிருந்தும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பாலசந்தரின் இந்த இரண்டு படங்களையும் ஒரு மாலைப் பொழுதில், விளக்கணைத்து, கைப்பேசிகளை வெளியே வைத்துவிட்டுப் போட்டுக் காட்டும்படி ஆசிரியப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறேன்.